மலையேறிய மாசி

ஜப்பானின் கியூஷு தீவில், தென்கோடிக் கரையோரத்திலே, மகுராசாக்கி என்னும் மீன்பிடிப் பட்டினம் உண்டு. அவ்வூரார் சூரை மீனை அவித்து, முள் நீக்கி, விறகுப் புகையிலே பன்முறை வாட்டி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தையும் படரவிட்டு, வெயிலில் உலர்த்துவர். முடிவில் கையில் எஞ்சுவது மீனன்று, கட்டை! தச்சரின் இழைப்புளி போன்ற கருவியால் அதனைச் சீவிக் கொதிநீரில் இட்டால், ஜப்பானியர் சமையலுக்கு அடித்தளமான சாறு பிறக்கிறது. கட்சுவோபுஷி என்பது அக்கட்டையின் பெயர். அதன் சுவைக்கு இனோசினேட் என்னும் பொருளே காரணம் என்பதை 1913-ஆம் ஆண்டில் கொடாமா ஷிந்தாரோ என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

இஃது ஏதோ அயல்நாட்டு விந்தை என்று எண்ணுதல் வேண்டா. கண்டியிலிருந்து நக்கிள்ஸ் மலைப் பக்கமாக மடுல்கெல்லவுக்கு ஏறிச் சென்றால், தேயிலைத் தோட்டத்து லயங்களிலே இதன் உடன்பிறப்பு உரலில் இடிபடும் ஓசையைக் கேட்கலாம். அதுதான் மாசி. அதே சூரை மீன்; அவித்தலும் புகையூட்டலும் உலர்த்தலும் அவ்வாறே; பூஞ்சணம் ஒன்றுதான் இல்லை. மாலைதீவு மொழியில் மஸ் என்றால் மீன். 14-ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளில் தங்கிய இப்னு பதூதா இதன் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிட்டனராம். இந்தியா, சீனம், யெமன் ஆகிய நாடுகளுக்கும் அனுப்பினராம்.

செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு ஆகியவற்றோடு மாசியை இடித்துத் தேசிப்புளி பிழிந்தால் கட்டைச் சம்பல். கோதுமை மாவும் தேங்காய்த் துருவலும் பிசைந்து சுட்ட ரொட்டிக்கு அதுவே துணை. காலைப் பெரட்டுக்கு முன் இரண்டும் ஆயத்தமாக வேண்டும். மாசி வெறும் சுவைக்காகச் சேர்ப்பது என்பர் சிலர். அது பாதி உண்மையே. இறைச்சியும் முட்டையும் அருகிய அடுப்படியில், கைப்பிடி மாசியும் ஊட்டமன்றோ?

ஆயினும் அது வாங்குவார் கைக்கு எட்டவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தபோது, மாலைதீவுச் சூரையை ஜப்பானிய நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. மடுல்கெல்லவுக்கு ஏறவேண்டிய மீன் கிழக்கு நோக்கிக் கப்பலேறிற்று என்றுகூடச் சொல்லலாம்! 2016-ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர். நாடு முழுவதற்கும் அத்தொகை 17.

மாசி விலை ஏறிய வாரத்தில் சம்பலிலே மிளகாய் மிகும், மாசி குறையும். காரம் தாளாத சிறுவர் ரொட்டியைச் சாயத் தண்ணீரில் தோய்த்து உண்டு பள்ளிக்குப் புறப்படுவர்.