லாரியின் முதுகெலும்பு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்க வேண்டிய மேடையில் இரும்பைப் பற்றிப் பேச வந்தோம், பொறுத்தருள வேண்டுகிறோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தைக் கொண்டு பழைய லாரி ஒன்றை வாங்கினார். மைசூரிலிருந்து சாமராசநகர் வழியாகக் காய்கறி ஏற்றிச் சென்ற அந்த வண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகளை உடைய திம்பம் மலைப்பாதையில் இறங்கும்போது, அதன் அடிச்சட்டம் பிளந்தது. உயிருக்கு ஊறில்லை, பணம் போயிற்று. அதனைக் கண்ட பின்னரே இப்பொருளை ஆராயப் புகுந்தோம்.

லாரியின் அடிச்சட்டம் ஏணி போன்றது. நெடுக இரண்டு எஃகுச் சட்டங்கள், குறுக்கே படிகள். நெடுஞ்சட்டமோ, பக்கவாட்டில் சாய்த்து வைத்த ‘ப’ எழுத்தைப் போல ஒருபுறம் திறந்திருக்கும். முழு மூங்கிலை முறுக்கிப் பாருங்கள், இணங்காது. நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்குங்கள், எளிதில் திருகும். திறந்த சட்டமும் அத்தகையதே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஏணி சற்றே திருகிக் கொடுத்து, ஏனைய சக்கரங்களைத் தரை விட்டு எழாமல் காக்கிறது.

இவ்வாறு நாள்தோறும் திருகும் சட்டத்தைப் பெரும்பாலும் ரிவெட்டாலும் போல்ட்டாலுமே இணைக்கின்றனர். ரிவெட்டை அழுத்துங்கால் அதன் தண்டு பருத்துத் துளையை நிரப்புகிறது, தகடுகள் இறுகுகின்றன, எஃகின் தன்மை கெடுவதில்லை. பற்றவைப்பிலோ, வெப்பம் பட்ட இடத்தில் உறுதி மாறுகிறது. பல்லாயிரம் முறை திருகிய பின் வெடிப்பு அங்கேதான் பிறக்கும்.

அப்படியாயின் பற்றவைப்பு பழிக்கத்தக்கதோ? அன்று. 2002இல் வந்த ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் ஏணியின் மேல் உடல் தனியே அமர்கிறது. இவ்வகை ஏணிகளில் நெடுஞ்சட்டத்தைப் பொதுவாக மூடிய பெட்டியாகப் பற்றவைப்பர், கீறாத மூங்கிலென்க. நம் மைசூரின் பெமல் தொழிற்சாலையில் உருவாகும் சுரங்க டம்பர்களின் இனத்திலும் பற்றவைத்த பெட்டிச் சட்டமே வழக்கு. 1998இல் வந்த சஃபாரிக்கு ஏணி உண்டு. 2021இல் அதே பெயரில் வந்ததற்குத் தனிச்சட்டமே இல்லை, உடலே கூடு. பெயர் ஒன்று, பிறப்பு வேறு!

மீண்டும் நம் அன்பரின் லாரிக்கு வருவோம். சுமை ஏறியதும் இரு அச்சுகளுக்கிடையே சட்டத்தின் மேல்விளிம்பு நெருக்குண்ணும், கீழ்விளிம்பு இழுபடும், நடுத்தகட்டில் வருத்தம் குறைவு. ஆதலின் துளையிடுவோர் நடுத்தகட்டிலேயே இடுவர். முன்பு வைத்திருந்த எவரோ, கருவிப்பெட்டி தொங்கவிடக் கீழ்விளிம்பில் ஒரு துண்டைப் பற்றவைத்து, கறுப்பு வண்ணம் பூசி மறைத்திருந்தார். நகத்தளவு வெடிப்பு அந்தத் தழும்பில்தான் தொடங்கிற்று.

பழைய வண்டி வாங்க எண்ணும் அன்பர்கள் புது வண்ணத்தைக் கண்டு மயங்காது, கைவிளக்குடன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். விளிம்பில் பற்றவைத்த தழும்பு உண்டா? ரிவெட்டைச் சுற்றித் துருப்பொடி கசிந்துள்ளதா? இருப்பின் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அன்பர் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். யாம் கூறியதில் பிழை இருப்பின் அவரே எழுந்து திருத்துவார்.