குழந்தைகள் வார்டில் கற்கும் வைத்தியம்



உடற்கூறும் உடலியலும் ஓதி, பெரியோர் வார்டுகளில் சில காலம் பழகிவிட்ட வைத்திய மாணவர் ஒருவர், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையைப் போன்ற ஒரு ஸ்தாபனத்திற்குப் பயிற்சிக்காக வரும்போது, நோயாளியை அணுகும் முறையையே புதிதாகக் கற்க வேண்டியவராகிறார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பெரியவர் சொல்வார். வாய் பேசாத சிசு என்ன சொல்லும்? ஆகவே நோயின் விருத்தாந்தத்தைத் தாயிடமிருந்தே அவர் பெற வேண்டும்.

"நேத்து ராத்திரியிலேருந்து பால் குடிக்கல, டாக்டர், ஒண்ணுக்கும் சரியாப் போகல" என்று அவள் சொல்வதை வெறும் புலம்பலென்று அசட்டை செய்யாமல், உடலில் நீர் வற்றுவதன் அறிகுறி அதிலேயே இருக்கிறதென்று உணர்கிற மாணவரே, கண்கள் குழிந்திருக்கின்றனவா, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாக மறைகிறதா என்று பார்க்கத் தலைப்படுகிறார். டாக்டர் எஸ். டி. ஆச்சாரின் பெயர் தாங்கிய பாடநூலில் இவற்றைப் படித்திருக்கலாம். ஆயினும் எவ்வளவு மெதுவாக மறைந்தால் மெதுவென்பது என்பதை விரல்தான் பழகிப் பழகி அறிய வேண்டும்.

தொடுவதற்கு முன் பார் என்பது அங்கே முதல் விதி. தாயின் தோளில் உறங்கும் எட்டு மாதக் குழந்தையின் சட்டையைச் சற்றே உயர்த்தி, கடிகாரத்தின் விநாடி முள்ளையும் ஏறி இறங்கும் வயிற்றையும் மாறி மாறி நோக்கி, முழுதாக ஒரு நிமிஷம் மாணவர் சுவாசத்தை எண்ணுகிறார். இருமலுள்ள குழந்தைக்கு, 2 மாதத்துக்குள் 60, ஓராண்டுக்குள் 50, ஐந்தாண்டுக்குள் 40 என்ற அளவை மூச்சு எட்டினால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். இடையில் குழந்தை அழுதுவிட்டால் அந்த எண்ணிக்கை செல்லாது. அமைதியடையும்வரை காத்திருந்து மீண்டும் எண்ண வேண்டும். அழ வைக்கும் தொண்டைப் பரிசோதனையையும் காதுப் பரிசோதனையையும் கடைசிக்கு ஒதுக்குவதும் இதனாலேதான்.

மருந்தெழுதுவதிலும் இதே நிதானம் வேண்டும். அளவு எடையைப் பொறுத்ததாதலால், தசமப்புள்ளி ஓரிடம் நகர்ந்தாலும் மருந்து பத்து மடங்காகிவிடும். தாம் போட்ட கணக்கை அனுபவமுள்ள சிஸ்டரிடம் காட்டிச் சரிபார்க்கும் பணிவும் பயிற்சியில் ஓர் அங்கமே.

பெற்றோர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. பெரிய டாக்டர் கேட்ட கேள்விகளையே ஒரு மாணவர் வந்து மறுபடி கேட்டால், சலிக்காமல் சொல்லுங்கள். குழந்தை களைத்திருந்தால் பிறகு வரச்சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. இணங்கிச் செல்வதும் அவர் கற்க வேண்டிய பாடமே. நாளை ஏதோவொரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், வேகமாக மூச்சுவிடும் குழந்தையொன்றை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று அவர் தனித்தே தீர்மானிக்க நேரும். அதற்குரிய கைப்பழக்கத்தை இன்று அவருக்கு அளிப்பதில் உங்கள் பொறுமைக்கும் பங்குண்டு.