சொல்லச் சொல்ல எழுதினவ



நான் ஏ.எல். வரைதான் படித்தனான். வேலை தையல் பக்டறியில். ஆனால் மர்மக் கதையெண்டால் உயிர். பொம்பிளையளுக்கு ஏன் கொலையும் துப்பும் எண்டு கேட்பவர்களுக்கு வை. மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லுவேன். 1901இல் பிறந்து, ஐந்து வயதிலேயே கலியாணம் முடிந்தவர். எழுதத் தொடங்கியபோது அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவ தோழி பட்டம்மாள். துப்பறியும் நாவல்களால் பேர்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரும் கைகொடுத்தார். பிறகு 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தி, நூறுக்கு மேல் நாவல் எழுதினா. பட்டம்மாள் இல்லாட்டில்?

அமெரிக்காவில் சாரா பரெட்ஸ்கியும் மற்றப் பெண் எழுத்தாளர்களும் 1986இல் இதற்கெண்டே ஒரு சங்கம் தொடங்கினார்கள். தங்கட புத்தகங்களுக்குப் பத்திரிகைகளில் விமர்சனம் வருவது குறைவு எண்ட கோபம்தான்.

எங்கட மொன்றியலுக்கு வருவோம். கேத்தி ரைக்ஸ் இங்குள்ள தடயவியல் ஆய்வுகூடத்தில் எலும்புகளை வைத்து இறந்தவர் ஆரெண்டு கண்டறிந்தவர். 1997இல் இந்த நகரத்தையே களமாக்கி முதல் நாவலை வெளியிட்டா. அந்த எலும்புகளைப் பற்றி வாசிக்கேக்க, 2017இல் கிளிநொச்சி வீதியோரம் பிள்ளையளின்ர படங்களோடு குந்தியிருந்த தாய்மார்தான் என்ர கண்ணுக்குள் வந்தவை. அவையள் கேட்டதும் அதுதானே: என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?

இந்த மண்டபத்திலும் அப்படிக் கதையள் இருக்கு. நேரமில்லை, எழுத்துப்பிழை வரும் எண்டு வெட்கப்படுகிறியள். ஞாயிறு பின்னேரம் எனக்கு லீவு. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்.