பதிவேடும் பந்தியும்

(பிலிமத்தலாவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேதத்தைப் பற்றியதன்று. வேதத்தை ஏற்ற மக்கள் கூடி வாழும் முறையைப் பற்றியது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, றோமன் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் இந்நாட்டில் 290,967 பேர். நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. இச்சிறு கூட்டத்தைப் பற்றி அரசியல் மேடையிற் பேசுவானேன் என்று சைவ அன்பர்கள் கேட்கலாம். தமிழினம் முழுவதையும் பற்றிய நோய் இது. சிறு கூட்டத்தில் அதன் குறிகள் எளிதிற் புலப்படுகின்றன. ஆதலாற் பேசுகின்றோம்.

கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே தரகர் வேண்டியதில்லை. ஒவ்வொருவனும் வேதத்தைத் தன் தாய்மொழியில் தானே படிக்கலாம். ஜெர்மனியில் 1517இல் மார்ட்டின் லூதர் எழுப்பிய குரலின் சாரம் இதுவே. அவ்வழி வந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அச்சமயம் அழைத்தது தனி மனிதனை. ஆனால், தமிழ் மண்ணில் அவ்வழைப்பைக் கேட்டு வந்தவர்கள் தனித்தனியே வந்தார்களா? குடும்பமாக வந்தார்கள்; உறவுமுறையாக வந்தார்கள்; சிலவிடங்களில் ஊராகவே வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் 1799இல் எழுந்த முதலூர், சமயம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் குடியேறிய அடைக்கல ஊர். கூடி நின்றதால் அவர்கள் பிழைத்தார்கள், பள்ளிக்கூடம் கண்டார்கள், தலை நிமிர்ந்தார்கள்.

அந்த ஒற்றுமைக்கு மற்றொரு முகமும் இருந்தது. உறவோடு வந்தவர்கள் உறவின் எல்லையையும் உடன் கொண்டுவந்தார்கள். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று கட்டளையிட்டபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். புகழ்பெற்ற புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரும் அக்கட்டளையை எதிர்த்தார். விக்கிரகத்தை விட்டவர்களால் வரிசையை விட முடியவில்லை!

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். 1854இல், கோப்பித் தோட்டக் காலத்தில், கண்டிச் சீமைத் தொழிலாளர்க்கென ஒரு மிஷன் தொடங்கிற்று. அதன் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயம் லயமாக நடந்து ஊழியஞ் செய்தனர். பின்னாளில் ‘கூலி’ என்ற சொல் நீங்கி, அது தமிழ்த் திருச்சபை மிஷன் ஆயிற்று. துரையின் செக்ரோலில் வெறும் ஆளாக இருந்தவன், சபையின் ஏட்டிலே தகப்பன் பெயரோடும் தாயின் பெயரோடும் ஒரு மனிதனாக எழுதப்பட்டான். இது சிறிய செய்தியன்று.

எவ்வளவு பெரிய செய்தி என்பதை 1948 காட்டியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ‘உன் தந்தை இந்நாட்டிற் பிறந்தாரா? சான்று எங்கே?’ என்று கேட்டு, மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அவர்களில் எஞ்சியிருந்தோர்க்கு வழி பிறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றும் பிறப்புப் பத்திரமில்லாத முதியவர் நம் அலுவலகப் படியேறும்போது, மடித்து மடித்துக் கிழிந்த ஞானஸ்நானச் சீட்டையே நீட்டுகின்றார். ‘ஐயா, இது செல்லுமா?’ என்கின்றார். அந்த ஏட்டை இகழ நமக்கு மனம் வராது.

ஆயின், அதே ஏட்டை ஏந்தி இருவர் வந்தனர். ஊரையும் சபையையும் சொல்லமாட்டோம். அவ்விளைஞனும் அப்பெண்ணும் ஒரே ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே பதிவேட்டில் பெயருள்ளவர்கள். திருமணம் என்றதும் மூப்பர்கள் வேதத்தைப் புரட்டவில்லை. பாட்டன்மார் எந்த ஊர், எந்தக் குடி என்று விசாரித்தார்கள். ஆலயத்தில் ஓலை வாசிக்கப்படவில்லை. அவர்களைப் பதிவாளரிடம் அழைத்துச் சென்றோம். சட்டம் கால் மணியில் மணம் முடித்து வைத்தது. ஆனால், அதன்பின் அவர்களோடு சபையார் எவரும் கைநனைக்கவில்லை. ஏட்டிலே இடமிருந்தது; பந்தியிலே இடமில்லை.

சட்டம் இதைத் தீர்க்குமா? இந்தியாவைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியற் சாதியினர்க்குரிய உரிமை இந்துக்களுக்கே என்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அதை விரித்தார்கள், கிறிஸ்தவர்க்கு விரிக்கவில்லை. ஞானஸ்நானத் தண்ணீரிலே சாதி கரைந்துவிட்டதென்பது அச்சட்டத்தின் கணக்கு. தமிழ்நாட்டிலோ, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தைச் சுவரெழுப்பிப் பிரித்த ஊருண்டு. சலுகைக்குச் சாதி இல்லையாம், சவக்குழிக்கு உண்டாம்! சட்டத்தையே தொழிலாகக் கொண்ட நாம் சொல்கின்றோம்: சட்டம் கதவைத் திறக்கும், பக்கத்தில் உட்காரவைக்காது.

உட்காரவைத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 1924இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த மாணவர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவர். பிற்காலத்தில் இளைஞர் காங்கிரஸ் எனப்பட்ட அவ்வியக்கம் தீண்டாமையை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை அழைத்தது. தந்தை செல்வா புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். தம் வாக்காளரிற் பெரும்பாலோர் சைவர்களாயிருந்தும், 1947இல் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தெரிந்தனுப்பினர். மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டத்தை அவர் எதிர்த்து நின்றார். பறிபோனது அவர் சபையாருடைய உரிமையன்று, அவர் ஊராருடையதுமன்று. அவருடைய விசுவாசம் உறவின் எல்லையோடு நிற்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இவ்வூரிலேயே மற்றொரு சான்றுண்டு. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகள் கூடி 1963இல் நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி இங்கே, கண்டி வீதியருகே நிற்கின்றது. சிங்களவரும் தமிழரும் தத்தம் மொழியிற் பயின்று, ஒரே வளவில் வாழ்ந்து, ஒரே சாலையில் உண்கின்றனர். நாட்டில் இனத்தீ மூண்ட காலத்திலும் நிலைத்த ஏற்பாடு அது. இரு மொழியினர் ஒரு மேசையில் உண்ணக் கூடுமாயின், ஒரு மொழி பேசும் இரு குடியினர்க்கு என்ன தடை?

ஆகவே மூன்று வேண்டுகோள். கல்லறை நிலத்தைக் குடிவாரியாக அன்றி, இறந்த நாளின் வரிசைப்படி ஒதுக்குங்கள். சபைக் குழுவிலே தோட்டத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் இடந்தாருங்கள். மணம் கேட்டு வருவோரிடம் குடியைக் கேளாதீர்கள். சைவ அன்பர்களே, நகைக்க வேண்டாம். கோயில் திருவிழாக் குழுவிலும் அன்னதானப் பந்தியிலும் இதே கணக்கைப் பாருங்கள். படித்தோரே, உழவர் பெருமக்களே, முதல் இலை உங்கள் வீட்டில் விழட்டும்.

நாம் சொன்ன அந்தத் தம்பதியர்க்கு இப்போது ஒரு பெண் குழந்தை. ஞானஸ்நானம் கேட்டிருக்கின்றார்கள். பெயரை ஏட்டில் எழுத எவரும் மறுக்கமாட்டார்கள். அன்று மத்தியானம் அவ்வீட்டுப் பந்தியில் யார் யார் அமர்வார்கள் என்பதே கேள்வி. நாம் போகின்றோம், நீங்களும் வாருங்கள்.