விட்ட பிறகு மூச்சையும் மீட்க வேண்டும்

(வில்கமுவவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கசிப்பையோ, கஞ்சாவையோ, குடுவையோ விட்டுவிட்டு வீடு திரும்பியவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவரிடம் எல்லோரும் கேட்பது, "இப்பவும் குடிக்கிறியா?" என்பதுதான். அவர் படும் இன்னொரு கஷ்டத்தை யாரும் கேட்பதில்லை. கொஞ்சம் மேடு ஏறினாலே அவருக்கு இளைக்கிறது. மம்பட்டி பிடித்தால் மூச்சு வாங்குகிறது. மலையில் கொழுந்து என்றாலும் இங்கே வயல் என்றாலும், மூச்சு இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை. "இனி நான் எதற்கும் உதவ மாட்டேன்" என்று மனம் உடைகிறார். அந்த நேரத்தில்தான் பழைய கூட்டாளி கூப்பிடுகிறான்.

ஏன் இளைக்கிறது? பீடியும் கஞ்சாவும் புகையாய் இழுக்கும் குடுவும் மூச்சுக்குழாயைக் கெடுக்கின்றன. நீண்ட நாள் குடியும் அரைவயிற்றுச் சாப்பாடும் தசைகளைக் கரைக்கின்றன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் ஒரு தசை இருக்கிறது. உதரவிதானம் என்பார்கள். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது பெரும்பகுதி வேலையைச் செய்வது அதுதான். அதுவும் தசைதான், அதையும் பழக்கலாம். முதல் வாரம் மலையேறிய பிள்ளைக்குக் கால் வலிக்கிறது, பிறகு பழகிவிடுகிறது அல்லவா? அதைப் போலத்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இரண்டு.

முதலாவது, வயிற்று மூச்சு. முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை அதிகம் அசையக் கூடாது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாவது, உதடு குவித்த மூச்சு. மூக்கால் 2 எண்ணும் வரை இழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து 4 எண்ணும் வரை விடுங்கள். மேடு ஏறும்போது இது கை கொடுக்கும். குடிக்கும் ஆசை எழும்போதும் செய்யலாம். அந்த ஆசை அலைபோல் எழுந்து தணிவது. மெதுவான மூச்சு படபடப்பைக் குறைத்து, அது தணியும் வரை தாங்க உதவும்.

மூச்சை இழுக்கும்போது தடை கொடுத்துத் தசையைப் பலப்படுத்தும் சிறு கருவியும் உண்டு. அதை இயன் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பாவிக்க வேண்டும். தலை சுற்றினால் எந்தப் பயிற்சியையும் நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தால், சளியில் இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். மூச்சுப் பயிற்சி சிகிச்சைக்குத் துணை, சிகிச்சைக்கு மாற்று அல்ல. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிரும் போகலாம். வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

குடும்பத்தாரே, அவர் படுத்து மூச்சுப் பழகும்போது சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுங்கள். தலைவர்மாரே, திரும்பி வந்தவருக்கு முதல் சில வாரம் மேடு குறைந்த இடத்தில், இலகுவான வேலை கேட்டுப் பேசுங்கள். விடுவதற்கு அவர் பட்ட பாடு பெரிது. விட்ட பிறகு நிற்க இடம் கொடுப்பது நம் பொறுப்பு.