நடுவர் இல்லாத ஆட்டம்

(வானொலி மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



நாங்கள் குருமட மாணவர்களாக இருந்த காலத்தில், மாலை மணி அடித்ததும் புத்தகங்களை மூடிவிட்டுக் கைப்பந்துத் திடலுக்கு ஓடுவோம். ஒருமுறை பாதுகாவலர் திருநாளையொட்டி நடந்த போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்திற்கு வந்தது. கடைசிப் புள்ளி. எதிரணி ஓங்கி அடித்த பந்து, தடுக்க எழும்பிய எங்களில் ஒருவருடைய விரல் நுனியில் உரசிவிட்டு வெளியே போய் விழுந்தது. நடுவராக நின்ற குருவானவர் அந்த உரசலைப் பார்க்கவில்லை. "அவுட்" என்று விசில் ஊதினார். கோப்பை எங்களுக்கு வந்தது.

உரசியது யாருடைய விரல் என்பது இப்போது முக்கியமில்லை. வலையருகே நின்ற மூன்று பேருக்கும் உண்மை தெரியும். மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலைத் திருப்பலியில், சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் வேளையில், தோற்ற அணியினரை நோக்கிக் கைகூப்பினோம். ஆனால் அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தக் கோப்பை இன்று எங்கே கிடக்கிறதோ, தெரியாது. அந்த மௌனம் மட்டும் இன்னும் நம் நெஞ்சில் கிடக்கிறது.

இத்தனை ஆண்டுகள் கழித்து அதை நினைவுபடுத்தியது ஒரு மாலைப்பொழுது. நம் பங்கு இளையோர் சிலர் அழைத்ததால், சென்னை பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்திற்கு அருகில் உள்ள அதே கடற்கரைதான். அங்கே மணலில் 'அல்டிமேட் ஃபிரிஸ்பீ' என்னும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடினார்கள். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளும் கணினி நிறுவன ஊழியர்களும் தோளோடு தோள் நின்றார்கள்.

ஆட்டம் எளிமையானது. பிளாஸ்டிக் தட்டு ஒன்று. அதை 'டிஸ்க்' என்கிறார்கள். புல்வெளியில் அணிக்கு ஏழு பேர், கடற்கரையில் ஐந்து பேர். டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது; குறித்த சில நொடிகளுக்குள் அடுத்தவருக்கு வீச வேண்டும். எதிர்முனையில் உள்ள கட்டத்திற்குள் நம் அணியினர் ஒருவர் அதைப் பிடித்தால் ஒரு புள்ளி. ஒருவரை ஒருவர் இடிக்கக் கூடாது. 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மேப்பிள்வுட் என்னும் ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது.

நம்மை வியக்க வைத்தது வேறொன்று. திடலில் நடுவர் இல்லை. விசிலும் இல்லை. ஃபவுல் என்றால் ஆடுகிறவர்களே சொல்கிறார்கள், ஆடுகிறவர்களே முடிவு செய்கிறார்கள். இந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளிலும் இதே முறைதான்.

அன்று ஓர் இளைஞன் பாய்ந்து விழுந்து டிஸ்க்கைப் பிடித்தான். அவனுடைய அணியினர் ஆரவாரம் செய்தார்கள். அவன் மணலைத் தட்டிக்கொண்டே எழுந்து, "கால் கோட்டுக்கு வெளியே பட்டுடுச்சு. பாயிண்ட் இல்லை" என்றான். ஆரவாரம் அடங்கியது. ஒருவரும் அவனைத் திட்டவில்லை. டிஸ்க் எதிரணிக்குப் போனது. அங்கே நின்ற நமக்குக் குருமடத்துக் கைப்பந்துத் திடல் நினைவுக்கு வந்தது. அன்று நாங்கள் மூன்று பேர் செய்யத் துணியாததை, இந்தப் பிள்ளை ஒரே மூச்சில் செய்துவிட்டான்.

அன்புக்குரியவர்களே, இந்த ஆட்டத்தின் விதிமுறைகளில் மூன்று செய்திகள் நம் சிந்தனைக்கு உரியவை.

முதலாவது, நம் தவறை நாமே ஒப்புக்கொள்வது. மிகச் சிறியவற்றில் நம்பத் தகுந்தவரே பெரியவற்றிலும் நம்பத் தகுந்தவர் என்று ஆண்டவர் கற்பித்தார் (லூக் 16:10). கோட்டுக்கு வெளியே பட்ட கால் சிறிய காரியம்தான். ஆனால் கடைக்காரர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த மீதிச் சில்லறையும், தேர்வறையில் அடுத்தவர் தாளில் விழுந்த பார்வையும் அதே அளவு சிறியவைதான். நடுவர் பார்க்காத இடத்தில்தான் நாம் யார் என்பது தெரிகிறது. மனச்சான்று என்பது மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள் திருத்தலம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பிக்கிறது. தன் நெஞ்சு அறிந்து பொய் சொன்னவனை அந்த நெஞ்சே சுடும் என்று நம் வள்ளுவப் பெருந்தகையும் எச்சரித்திருக்கிறார்.

இரண்டாவது செய்தி இன்னும் கடினமானது. நம் அணியைச் சேர்ந்த ஒருவர் தவறாக ஃபவுல் கேட்டால், "இல்லை, அது ஃபவுல் இல்லை" என்று நாமே அவரிடம் சொல்வது நல்ல ஆட்டக்காரருக்கு அடையாளம் என்கின்றன விதிமுறைகள். சொந்தத் தவறைக்கூட ஒப்புக்கொண்டுவிடலாம். சொந்த ஆளிடம் "நீ செய்தது சரியில்லை" என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு இருக்கிறது? நம் ஊர்களில் தேர் இழுப்பதில் தகராறு, கல்லறைத் தோட்டத்தில் தகராறு. அப்போதெல்லாம் நாம் பார்ப்பது நியாயத்தையா, அல்லது நம் குடும்பம், நம் தெரு, நம் சாதி என்பதையா? அன்று வலையருகே எங்கள் மூவரையும் வாயடைக்கச் செய்ததும் இந்த 'நம்ம ஆள்' என்ற எண்ணமே.

மூன்றாவது, கருத்து வேறுபாட்டைக் கையாளும் விதம். ஒருவர் ஃபவுல் என்கிறார். மற்றவர் இல்லை என்கிறார். இருவரும் தாங்கள் கண்டதைச் சுருக்கமாக, மரியாதையோடு சொல்கிறார்கள். அருகில் நன்றாகப் பார்த்தவரைக் கேட்கலாம். அப்படியும் உடன்பாடு வராவிட்டால்? பெரும்பாலும் டிஸ்க் அதை வீசியவரிடமே திரும்பப் போகிறது; அந்த வீச்சு மறுபடி ஆடப்படுகிறது. யாரும் தண்டிக்கப்படுவதில்லை, ஆட்டமும் நிற்பதில்லை.

உன் சகோதரர் குற்றம் செய்தால், முதலில் நீயும் அவரும் தனித்திருக்கையில் பேசு என்று இயேசு சொன்ன ஒழுங்கு இதுவல்லவா? (மத் 18:15). நாம் சந்தித்த குடும்பங்கள் சிலவற்றில் அண்ணனும் தம்பியும் ஒரு வேலிக்காகப் பதினைந்து, இருபது ஆண்டுகளாகப் பேசுவதில்லை. இருவருமே நேர்மையானவர்கள். இருவருமே தாம் கண்டதே உண்மை என்று நம்புகிறவர்கள். எல்லா வழக்கிலும் தீர்ப்பு கிடைக்காது. "நீயும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை; மறுபடி தொடங்குவோம்" என்று சொல்லத் தெரிந்தால், அம்மாவின் நினைவுத் திருப்பலிக்கு இருவரும் ஒரே இருக்கையில் அமரலாம்.

"சாமி, இப்படி நடுவரே இல்லாவிட்டால் ஏமாற்றுகிறவர்கள் பாடு கொண்டாட்டம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏமாற்ற வாய்ப்பு உண்டு என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு மதிப்பெண் போடுகிறது. விதிகளை அறிந்து பயன்படுத்தியது, உடலால் மோதாதிருந்தது, நடுநிலை, இன்முகமும் தன்னடக்கமும், பேசிய முறை என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றிற்கும் நான்கு வரை, மொத்தம் இருபது. இதில் முதலிடம் பெறும் அணிக்குப் போட்டிகளில் தனிப் பரிசு உண்டு. பல இடங்களில் இரு அணியினரும் கலந்து வட்டமாக நின்று, ஆட்டத்தில் நடந்த நல்லதையும் வருத்தத்தையும் பேசிவிட்டே கலைகிறார்கள். நம்பிக்கை வைக்கிறார்கள், அந்த நம்பிக்கையைப் பேணவும் உழைக்கிறார்கள்.

திருஅவையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. அது ஒப்புரவு அருளடையாளம். அங்கே நம்மீது குற்றம் சாட்ட எவரும் வருவதில்லை. நாமே முழந்தாளிட்டு, "என் கால் வெளியே பட்டது" என்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. கடற்கரையில் அந்த இளைஞன் உண்மை சொன்னதால் புள்ளியை இழந்தான். இங்கே உண்மை சொல்வதால் நாம் எதையும் இழப்பதில்லை. இழந்திருந்த அருளைத் திரும்பப் பெறுகிறோம்.

கொரிந்து நகருக்கு அருகே புகழ்பெற்ற விளையாட்டுப் போட்டிகள் நடந்து வந்தன. அங்கே சூட்டப்பட்டது இலைகளாலான வாகை. சில நாளில் வாடிவிடும். அந்த ஊர் மக்களுக்கு எழுதியபோதுதான் தூய பவுலடியார், அழியும் வாகைக்காக அவர்கள் ஓடுகிறார்கள், நாமோ அழியாத வாகைக்காக ஓடுகிறோம் என்றார் (1 கொரி 9:25). எங்கள் குருமடக் கோப்பையும் வாடிய இலைதான்.

இந்த வாரம் ஒரு சிறு முயற்சி செய்வோம். யாரும் பார்க்காத நம் தவறு ஒன்றை, அதனால் பாதிக்கப்பட்டவரிடம் நாமே போய்ச் சொல்வோம். பேச்சு நின்றுபோன ஒருவரிடம், தீர்ப்புக்குக் காத்திராமல் பேச்சைத் தொடங்குவோம்.

மன்றாடுவோம்: உள்ளங்களை ஆய்ந்தறியும் ஆண்டவரே, நடுவர் இல்லாத இடத்திலும் நீர் இருக்கிறீர் என்பதை நாங்கள் அச்சத்தோடு அல்ல, அன்போடு நினைவில் கொள்ள எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக.