சித்திரவதை: சொல்லும் பொருளும்

(ஆலங்குளத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கடன் கொடுத்தவர் இரண்டு தடவை போன் செய்தால் "சித்திரவதை பண்றான்" என்கிறோம். கரண்ட் போனாலும் சித்திரவதை! பொருள் தெரிந்திருந்தால் இந்தச் சொல் இத்தனை மலிவாக வாயில் வருமா?

சித்திரம் என்றால் நமக்குப் படம்தான் நினைவுக்கு வரும். வடமொழியில் அதற்குப் 'பலவகை' என்றும் பொருள் உண்டு. வதை என்றால் கொலை. பலவகையாக வருத்திக் கொல்வதே சித்திரவதை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மரண தண்டனையை இரண்டாகப் பிரிக்கிறது. வருத்தாமல் உயிரை எடுத்தால் 'சுத்தம்'. வருத்தி எடுத்தால் 'சித்திரம்'. ஆக, இது ஒரு காலத்தில் சட்டம் விதித்த தண்டனையின் பெயர்!

இன்று நம் நாட்டுச் சட்டத்தில் அந்தத் தண்டனை இல்லை. ஆனால் காரியம் ஒழிந்ததா? 2020 ஜூன் 19. பக்கத்து மாவட்டத்துச் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டார்கள். இரவெல்லாம் வதைக்கப்பட்டார்கள் என்றது சிபிஐ குற்றப்பத்திரிகை. 22ஆம் தேதி மகன் இறந்தார்; மறுநாள் தந்தை. அன்றைய தண்டனைக்காவது ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. இங்கே தீர்ப்பே இல்லை!

இளைஞர்களே! சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம்.

ஷாம் தேசத்தில் வரி பாக்கிக்காகச் சில விவசாயிகளை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். அதைக் கண்ட நபித்தோழர் ஹிஷாம் பின் ஹகீம் (ரலி), உலகில் மக்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்ற நபிமொழியை நேரே அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. வெயிலில் நின்ற அந்த விவசாயிகள் முஸ்லிம்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

வியாபாரிகளே! கல்லாவில் கை வைத்த பையனைத் தூணில் கட்டி அடிக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? போலீஸ் செய்தால் சித்திரவதை, நாம் செய்தால் 'புத்தி புகட்டுவது' என்று அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா? சொல்லை அதன் இடத்தில் வைப்போம். கையையும் அதன் இடத்தில் வைப்போம்.